மடக்கி வைத்துக்கொள்ள ஒரு கால்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் ஒரு முதலை இருந்தது. காட்டைப் பற்றி இதற்கு மேல் வர்ணனை கிடையாது, குழந்தைகளே. மரம், முள், கொசு எல்லாம் மற்ற காடுகளில் இருப்பது போலத்தான். கதைக்கு வருவோம்.

முதலை இருக்கும் குளத்தில் தண்ணீர் குடிப்பது எப்படி? அதற்காகக் கரையோரம் கொக்குகளை வரிசையாகக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முதலை மூக்கை வெளியே நீட்டினால் "க்ராக்!" என்று கத்த வேண்டும். கத்தியதும் மான், முயல், பன்றி எல்லாம் குடித்தவரை போதுமென்று ஓடிவிடும். அவ்வளவுதான் வேலை. சம்பளம் மீன். சாயங்காலமானால் நீர்நாய் மீன் பிடித்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். காவலுக்கு நிற்கும் கொக்குக்கு மட்டும்தான் அந்தக் குளத்து மீன். வேலையில் இல்லாதவர்கள் ஓர் அயிரைக் குஞ்சைக்கூடத் தொடக் கூடாது. அது சட்டம்.

கொக்கு எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றி, இன்னொரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு நிற்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அப்படியேதான். ஏன் என்று கேட்காதீர்கள். கொக்கைக் கேட்டால் அதற்கே தெரியாது.

அந்தக் காட்டில் குருகம்மாள் என்று ஒரு கொக்கு. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கால். இன்னொன்றைச் சின்ன வயதில் முதலை தின்றுவிட்டது. அதை நினைத்து நினைத்து அவள் கண்ணீர் விட்டாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவள் கண்ணீர் விடவில்லை. கொக்கின் காலில் என்ன பெரிய சதை இருந்துவிடப் போகிறது, முதலைக்குப் பல் குத்தக்கூடக் காணாது என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு இருந்தாள்.

அவள் பாட்டுக்கு இருக்க முடியாமல் செய்தது அந்த வருஷத்துக் கோடை. குளத்துக்கு அப்பால் ஒரு குட்டையில் நத்தையும் தவளையும் தின்று அவள் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். குட்டை வற்றத் தொடங்கியது. தவளைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. குட்டை முழுக்க வற்றிவிட்டால் அவளுக்குப் போக்கிடம் ஒன்றுதான்: அண்ணன் வீட்டுக் கூடு. அண்ணன் பரவாயில்லை. அண்ணி தாழம்பூதான்!

தாழம்பூ காவல் வரிசையில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் வீடு திரும்பும்போது சில நாள் குட்டைக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, ஒரு மீன் தலையைப் போட்டுவிட்டுப் போவாள். தலையை மட்டும் போட்டால் பரவாயில்லை. பேச்சையும் போடுவாள்.

"இந்தா குருகு. நடு முள்ளை உங்க அண்ணன் சாப்பிட்டுட்டார். நின்ன இடத்துலயே நிக்கறவளுக்கு அப்படி என்ன பசி வந்துடப் போகுது?"

"நீங்க மட்டும் எங்கே ஓடறீங்க அண்ணி? நீங்களும் நின்ன இடத்துலதானே நிக்கறீங்க?"

"நான் நிக்கறது வேலை. நீ நிக்கறது சும்மா."

மீன் தலை தொண்டையில் இறங்கிவிட்டது. அந்தச் சொல் இறங்கவில்லை. குட்டை வற்றுவதற்குள் எப்படியாவது அந்த வரிசையில் ஓர் இடம் வாங்கிவிட வேண்டும் என்று குருகம்மாள் அன்றைக்கே முடிவு செய்தாள்.

அவள் முடிவு செய்த நேரம், சிங்கராஜா பக்கத்துக் காட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிங்கராஜாவுக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். அன்றைக்கு வாய் நிறைய இறைச்சி வேறு. பக்கத்துக் காட்டு யானையரசி, "உங்கள் காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கெல்லாம் வேலை கொடுக்கிறீர்கள்தானே?" என்று கேட்டாள். சிங்கராஜா தலையாட்டினார். "ரொம்ப சந்தோஷம். ஒரு நாள் வந்து பார்க்கிறேன்" என்றாள். அதற்கும் ஆட்டினார்.

ஊர் திரும்பும் வழியில்தான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கு உறைத்தது. உடனே நலத்துறை மந்திரி மயிலாரைக் கூப்பிட்டு, "வேலை கொடுத்தாகணும். என்ன செய்யலாம்?" என்றார்.

மயிலாருக்கு எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான். "விழா எடுக்கலாம் மன்னா!"

பாறை உச்சியில் மேடை. குருகம்மாளுக்கு அழைப்பு வந்தது. வேலை கொடுக்கப்போகிறார்கள் என்று அவள் அலகைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, ஒரே வீச்சில் பறந்து வந்து மேடையில் இறங்கினாள். மயிலார் பதறிப்போனார்.

"ஐயோ! கீழே போங்கம்மா, கீழே போங்க! உங்களைத் தூக்கிட்டு வர ரெண்டு கரடி ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

"நான்தான் பறந்து வந்துட்டேனே சார்?"

"நீங்க பறக்கறது நிகழ்ச்சியில இல்லை."

குருகம்மாள் கீழே இறங்கினாள். கரடிகள் அவளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் ஏறின. பாதி வழியில் ஒரு கரடிக்குக் கால் வழுக்கியது. இரண்டு கரடிகளும் உருண்டு புதரில் விழுந்தன. கையிலிருந்து நழுவிய குருகம்மாள் சிறகை விரித்து மறுபடியும் மேடைக்கே வந்து நின்றாள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மயிலார் தழுதழுத்தார்.

"பாருங்கள்! ஒரு கால் இல்லாவிட்டாலும் எப்படிப் பறக்கிறார், பாருங்கள்!"

"கால் இருக்கற கொக்கெல்லாம் காலாலயா பறக்குது?" என்றாள் குருகம்மாள்.

"ஆகா! என்ன தன்னம்பிக்கை!"

மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் ஒரு காட்டுப் பன்றி விம்மி விம்மி அழுதது. எதற்கு என்று அதற்குத் தெரியாது; பக்கத்தில் இருந்தவர் அழுதார், அதுவும் அழுதது. சிங்கராஜா பேச எழுந்து, "மாற்று... மாற்றுத்..." என்றவர் ஒரு கொட்டாவி விட்டு உட்கார்ந்துவிட்டார். குருகம்மாளுக்குத் 'தன்னம்பிக்கைத் திலகம்' என்று பட்டம் கொடுத்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எந்தப் போட்டியிலும் ஜெயிக்காத பிள்ளைக்கு ஒரு சோப்பு டப்பா கொடுப்பார்களே, அதைப் போல. தோளில் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வாழை நாரில் நெய்த கனத்த பொன்னாடை.

"வேலை?" என்று கேட்டாள் அவள்.

"அதுக்குப் பெருச்சாளியாரைப் பாருங்க. எங்க துறை பொன்னாடையோடு சரி" என்றார் மயிலார்.

பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பறக்க முடியவில்லை. அந்தக் காட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குருகம்மாள் நொண்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் பெருச்சாளியாரின் வளைக்குப் போனாள். அதுதான் வேலைவாய்ப்பு அலுவலகம். பெருச்சாளியார் விதிகளில் கரை கண்டவர். குளத்தின் கரையைத்தான் கண்டதில்லை. வளையை விட்டு அவர் வெளியே வந்ததே கிடையாது.

"காவல் வரிசையில ஓர் இடம் காலியா இருக்காமே சார்?"

"இருக்கு. உழவு வயல்ல புழு நிறைய கிடைக்குதுன்னு ஒரு கொக்கு வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு. உனக்குத் தகுதி இருக்கா?"

"என்ன தகுதி வேணும்?"

"ரெண்டு கால் வேணும்."

"வேலை என்ன சார்?"

"ஒத்தைக் காலில் நிற்பது."

குருகம்மாள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து பெருச்சாளியாரைப் பார்த்தாள். "அதைத்தான் நான் பொழுது விடிஞ்சா செய்துக்கிட்டிருக்கேனே!"

"அது சரிம்மா. ரெண்டாவது கால் எங்கே?"

"ரெண்டாவது கால் எதுக்கு?"

"மடக்கி வைத்துக்கொள்ள."

"மடக்கி எங்கே வைக்கணும்?"

"இறகுக்குள்ளே."

"இறகுக்குள்ளே வச்சா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஆனா இருக்கணும்" என்றார் பெருச்சாளியார். "இல்லாத காலை நீ எப்படி மடக்குவே? மடக்காம எப்படி ஒத்தைக் காலில் நிற்பே? என்னை என்ன விவரம் தெரியாதவன்னு நினைச்சியா?"

குருகம்மாள் அவரை என்னவென்று நினைத்தாள் என்பது உங்களுக்கு வேண்டாம்.

"கோபப்படாதே" என்றார் அவர். "உன்னை மாதிரி இருக்கறவங்களுக்குன்னே புதுசா ஒரு பதவி உண்டாக்கியிருக்கோம். ஊக்கமூட்டும் அலுவலர். நாற்சந்தியில அத்தி மரத்தடியில பொன்னாடையோட நிக்கணும். போறவங்க வர்றவங்க உன்னைப் பார்த்து ஊக்கம் அடைவாங்க."

"சம்பளம்?"

"கைதட்டல்."

குட்டையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. கைதட்டலுக்குப் பின்னால் ஒரு மீன் குஞ்சாவது வராதா என்ற நப்பாசையில் குருகம்மாள் அத்தி மரத்தடியில் போய் நின்றாள். முதலில் ஒரு முயல் வந்தது. அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"உங்களைப் பார்த்ததும் என் கஷ்டமெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு தோணுது."

"என் கஷ்டம் என்னன்னு கேட்டியா?"

"ஐயையோ, கேட்கக் கூடாது. கேட்டா ஊக்கம் போயிடும்" என்று சொல்லிவிட்டு முயல் துள்ளிக்கொண்டு ஓடியது.

அடுத்து ஒரு பெண் மான், பிடிவாதம் பிடித்த தன் குட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. "பாரு, அத்தையைப் பாரு! ஒரு காலை வச்சுக்கிட்டு எவ்வளவு சமர்த்தா நிக்கறாங்க! நாலு கால் இருந்தும் நீ பள்ளிக்கூடம் போக மாட்டேங்கற!" குட்டி குருகம்மாளை முறைத்துவிட்டுப் போயிற்று. ஒரு குரங்குக் கூட்டம் பக்கத்தில் நின்று பல்லை இளித்து, அவள் கழுத்தில் கையைப் போட்டு, கலைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலை வேகவைத்தும் தின்ன முடியாது, பச்சையாகவும் தின்ன முடியாது. பொழுது சாய்வதற்குள் பொன்னாடையை அத்தி மரத்துக்குப் போர்த்திவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். மரம் அதற்குப் பிறகும் நான்கு பேருக்கு ஊக்கமூட்டியதாகக் கேள்வி.

மறுநாள் குட்டையில் தண்ணீர் இல்லை. வெடித்த சேறு மட்டும் இருந்தது. குருகம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் யாரிடமும் எதுவும் கேட்காமல், நேராகப் பறந்துபோய்க் காவல் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் நின்றாள். ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றினாள். தண்ணீரைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்றவள் தாழம்பூ. திரும்பிப் பார்த்த வேகத்தில் அவளுக்குக் கழுத்து அறுந்து விழாத குறை.

"ஏய் குருகு! இங்கே என்னடி பண்றே?"

"நிக்கறேன் அண்ணி."

"யாராவது பார்த்துட்டா?"

"என்னத்தைப் பார்ப்பாங்க?"

தாழம்பூ வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். எல்லோருக்கும் கீழே ஒவ்வொரு கால். குருகம்மாளுக்கும் ஒரு கால். திரும்பத் திரும்பப் பார்த்ததில் அவளுக்கே குழப்பமாகி, தன் இறகுக்குள் அலகை விட்டுத் தன் கால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் யாரிடமும் கோள் சொல்லவில்லை. பாசத்தால் அல்ல. கோள் சொன்னால் நாத்தனார் நேராகக் கூட்டுக்கு வந்து சேர்வாள் என்ற பயத்தால். பல குடும்பங்களில் அமைதி நிலவுவது இப்படித்தான்.

சாயங்காலம் நீர்நாய் வந்தது. காலைப் பார்த்தது, மீனைப் போட்டது; அடுத்த காலைப் பார்த்தது, அடுத்த மீனைப் போட்டது. குருகம்மாளின் முன்னால் ஒரு முழுக் கெண்டை விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. அவள் அப்படியே விழுங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். முதலை மூக்கை நீட்டிய நாளெல்லாம் கத்தினாள். ஒரு நாள் மிதந்து வந்த மரக்கட்டையைப் பார்த்துக் கத்திவிட்டாள், காடே தாகத்தோடு ஓடிப்போய், திரும்பி வந்து, "கண்ணு தெரியலையா?" என்று திட்டிவிட்டுப் போயிற்று. மற்ற கொக்குகளும் மாதம் ஒருமுறை அப்படித் திட்டு வாங்குவதுதான். இன்னொரு நாள் உச்சி வெயிலில் தூங்கி வழிந்தாள்; தாழம்பூ அலகால் ஒரு குத்து விட்டாள். மறுநாள் தாழம்பூ தூங்கினாள். குருகம்மாள் அந்தக் குத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்சம் பலமாகவே கொடுத்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது யானையரசி கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

மயிலார் அத்தி மரத்தடிக்கு ஓடினார். அங்கே பொன்னாடை போர்த்திய மரம்தான் நின்றது. பொன்னாடையை உருவிக்கொண்டு, "திலகம் எங்கே? திலகம் எங்கே?" என்று தோகையைத் தரையில் பெருக்கிக்கொண்டு காடெல்லாம் அலைந்தார். கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு, "அந்த ஒத்தைக்கால் கொக்கா? குளக்கரையில நிக்குது" என்றது. சிங்கராஜா முன்னால், மயிலார் நடுவில், பின்னால் பெருச்சாளியார் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவர் ஆயுளில் வளையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. மூவரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வரிசையைப் பார்த்ததும் மயிலார் நெஞ்சில் சிறகை வைத்துக்கொண்டார்.

"மன்னா! நம் காட்டில் இத்தனை ஒற்றைக்கால் கொக்குகளா! ஒருத்தராவது என்னிடம் சொன்னீர்களா? பொன்னாடைக்கு எங்கே போவேன்!"

கையிலிருந்தது ஒரே பொன்னாடை. யாருக்குப் போடுவது என்று தெரியாமல், அருகில் நின்ற தாழம்பூவுக்குப் போர்த்திவிட்டார்.

"ஐயா, எனக்கு ரெண்டு காலும் இருக்கு!" என்று தாழம்பூ கத்தினாள்.

"பார்த்தீர்களா, பார்த்தீர்களா! இல்லாத காலையும் இருப்பதாக நினைக்கும் இந்த மனசு யாருக்கு வரும்!"

"அட, நிஜமாவே இருக்குங்க! இதோ பாருங்க!" என்று அவள் மடக்கிய காலை எடுத்து ஆட்டினாள். மயிலாரால் பார்க்க முடியவில்லை. கண்ணெல்லாம் கண்ணீர்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் பெருச்சாளியார். "எனக்கு இது சரியாப் படலை. ஒத்தைக்கால் கொக்குக்கு இங்கே வேலையே கிடையாது. தகுதியில்லாதது ஒண்ணு உள்ளே புகுந்திருக்கு. எல்லாரும் கேளுங்க! மடக்கி வச்சிருக்கற காலைக் கீழே இறக்குங்க!"

அந்த மாதிரி ஓர் உத்தரவை அந்த வரிசை கேட்டதே இல்லை. வருஷக் கணக்காக மடக்கியே வைத்திருந்த கால்கள். சிலருக்கு மரத்துப் போயிருந்தது. சிலர் அவசரத்தில் ஊன்றிய காலைத் தூக்கிவிட்டு, மடக்கிய காலை இறக்க மறந்து, தொபுக்கென்று உட்கார்ந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "இது என் கால்!" "இல்லை, இது என்னுடையது!" என்று சண்டை வேறு. தண்ணீர் சேறாகக் கலங்கியது. எல்லோரும் குனிந்து தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருச்சாளியாரும் குனிந்து கால் கால் என்று தேடிக்கொண்டு வந்தார். சிங்கராஜாவுக்கு வேடிக்கை தாங்கவில்லை. அவரும் தண்ணீரில் இறங்கி, குனிந்து பார்த்தார்.

தாழம்பூ பொன்னாடையை விரித்துக் குருகம்மாளை மூடினாள். "வாயைத் திறக்காதேடி. நான் மறைச்சுக்கறேன். உன் வேலை போச்சுன்னா அப்புறம் என் கூடு என்னாகறது?"

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பெருச்சாளியார் தாண்டிப் போய்விடுவார், இடம் தங்கும், மீன் தங்கும். குருகம்மாளுக்கு இது புரிந்தது. ஆனால் எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இறக்குவதற்குக் கால் இல்லாத அவள் மட்டும் பொன்னாடையின் கிழிசல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கராஜாவின் வாலுக்குப் பின்னால், அல்லி இலைகளுக்கு நடுவே, முதலையின் மூக்கு மெதுவாக எழுந்தது.

வேலை போனால் போகட்டும் என்று அவள் நினைத்தாளா? அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது!

"க்ராக்!"

சிங்கராஜா தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்பிக் கரையில் விழுந்தார். முதலையின் வாய் 'டப்' என்று மூடிக்கொண்டது. வால் நுனிக் குஞ்சம் மட்டும் அதன் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. முதலை அதைத் துப்பிவிட்டு உள்ளே போயிற்று.

"யார்... யார் கத்தினது?" என்றார் சிங்கராஜா, மூச்சு வாங்க.

வரிசை முழுக்கத் தடுமாறிக்கொண்டும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டும் கிடந்தது. ஒரே ஒருத்திதான் நேராக நின்றுகொண்டிருந்தாள். பொன்னாடை நழுவிக் கீழே கிடந்தது.

"நான்தான் மகாராஜா."

"பிடிச்சாச்சு!" என்று பெருச்சாளியார் துள்ளினார். "இவள்தான்! தகுதியே இல்லாமல் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறாள்!"

"என்ன தகுதி இல்லை?"

"மடக்கி வைத்துக்கொள்ள ஒரு கால் இல்லை, மகாராஜா."

சிங்கராஜா முதல்முறையாக எதற்கும் தலையாட்டவில்லை. குஞ்சம் போன தன் வாலை எடுத்து முன்னால் வைத்துப் பார்த்தார். "இவங்க எல்லாருக்கும் அது இருக்கா?"

"இருக்கு, மகாராஜா. நானே கண்ணால் பார்த்தேன்."

"முதலை வந்தப்ப இவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

"அந்தக் காலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க" என்றார் பெருச்சாளியார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? புதிதாக ஒரு விதி போடுவார்கள். "அப்படின்னா விதியை மாத்திடலாம் மகாராஜா! இனிமேல் ஒத்தைக்கால் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் காவல் வேலை. ரெண்டு கால் இருக்கறவங்க எல்லாரும் நாளையிலிருந்து வர வேண்டாம்."

"ஐயோ, என் வேலை!" என்று தாழம்பூ அலறினாள்.

"நானும் ஒரு வீர விருது..." என்று மயிலார் கீழே கிடந்த பொன்னாடையை உதறத் தொடங்கினார்.

சிங்கராஜாவின் தலை பழக்கத்தில் மேலும் கீழும் போகத் தொடங்கியது.

"தலையை ஆட்டாதீங்க!" என்று குருகம்மாள் அதட்டினாள். ராஜாவின் தலை பாதியில் நின்றது. "மன்னிச்சுக்குங்க மகாராஜா. ஆனா எனக்கு விருதும் வேண்டாம், என் அண்ணி வேலையும் வேண்டாம். அவங்களை வீட்டுல உட்கார வச்சுட்டு அந்தப் பேச்சை யார் கேட்கறது? கால் கணக்கை விட்டுத் தொலையுங்க. வேலை கேட்டு யார் வந்தாலும், 'முதலை வந்தா எங்களுக்குச் சொல்லுவியா?'ன்னு கேளுங்க. அது ஒண்ணை மட்டும் கேளுங்க."

சிங்கராஜா யோசித்தார். பழக்கமில்லாத காரியம் என்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தானாகவே, யாரும் எதுவும் சொல்லாமலே, ஒருமுறை தலையாட்டினார். பெருச்சாளியாரின் அலுவலகத்தை வளையிலிருந்து கரைக்கு மாற்றவும் உத்தரவிட்டார். அன்று சாயங்காலம் நீர்நாய் குருகம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மீன் போட்டது.

யானையரசி நடந்து வந்து சேர மறுநாளாகிவிட்டது. வந்த களைப்பில் குளத்தில் இறங்கித் துதிக்கை நிறைய உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிங்கராஜாவும் மயிலாரும் பணிவாக நின்றார்கள். கரையில் புதிதாகத் தோண்டிய வளை வாசலில் பெருச்சாளியார் உட்கார்ந்திருந்தார். வேலை கேட்டு முதலில் வந்தது ஓர் அணில். பிறவியிலிருந்தே அதற்குக் காது கேட்காது.

"முதலை வந்தால் எங்களுக்குச் சொல்லுவியா?" என்று கேட்டார் பெருச்சாளியார்.

அணில் வாலைச் சொறிந்துகொண்டது.

"முதலை வந்தால் சொல்லுவியா?"

அணில் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதலை! முதலை!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தியதில், தண்ணீர் குடிக்க வந்த மான்கள் எல்லாம் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டன. "பதில் வரலை. தகுதி இல்லை. அடுத்து யாரு?"

"சார்!" என்று வரிசையிலிருந்து குருகம்மாள் குரல் கொடுத்தாள், தண்ணீரிலிருந்து பார்வையை எடுக்காமல். "காதுல விழலைன்னா கண்ணுல காட்டுங்களேன்."

பெருச்சாளியார் முணுமுணுத்துக்கொண்டே, மூக்கால் ஈரச் சேற்றில் ஒரு முதலை வரைந்தார். முதுகுச் செதில், வால், பல், ஒவ்வொரு பல்லாக. வாழ்நாளில் அவர் செய்த உருப்படியான முதல் வேலை அது என்பதால் ரசித்து ரசித்து வரைந்தார். கடைசியில் கண்ணை வைத்தார்.

அணில் குனிந்து பார்த்தது.

"கீச்ச்ச்ச்ச்!"

அப்படி ஓர் அலறலை அந்தக் காடு கேட்டதில்லை. யானையரசி துதிக்கையில் இருந்த தண்ணீரை எல்லாம் சிங்கராஜாவின் தலையில் கொட்டிவிட்டு, எல்லையைத் தாண்டித் தன் காட்டுக்கே போய்ச் சேரும்வரை நிற்காமல் ஓடினாள். மயிலார் பொன்னாடையோடு பின்னாலேயே ஓடினார். பெருச்சாளியார் தலைகுப்புற வளைக்குள் விழுந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து நடுங்கிய குரல் வந்தது. "நாளைக் காலையில வேலைக்கு வந்துடு!"

அணில் வாலைச் சொறிந்துகொண்டு அங்கேயே நின்றது.

பெருச்சாளியார் வெளியே வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் குனிந்து, முதலைக்குப் பக்கத்தில் உதிக்கிற சூரியன் ஒன்று வரைந்தார். சூரியனுக்குக் கீழே கரையோரத்து மரம். மரத்தின் கிளையில் ஓர் அணில்.

நீதி: வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் கேள், இல்லாத காலைத் தேடிக்கொண்டிருப்பவன் கண்ணில் இருக்கிற முதலை படாது.